சொல்லக்கூடாத சொல்

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினைச் சேர்ந்த கானரி தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸ் விமான நிலையப் பூக்கடையில் பிற்பகல் ஒன்றேகாலுக்கு ஒரு குண்டு வெடித்தது. தனிநாடு கேட்டுப் போராடிய இயக்கம் வைத்தது. சிலருக்குக் காயம், யாரும் சாகவில்லை. இரண்டாவது குண்டும் இருப்பதாக மிரட்டல் வந்ததும் நிலையத்தை மூடிவிட்டார்கள். அங்கே இறங்க வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரிஃபுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றில் இரண்டு, போயிங் 747 ஜம்போக்கள்.

ஒன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கேஎல்எம். மற்றது லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி நியூயார்க் வழியாக வந்த பான் ஆம். பான் ஆம் விமானிகள், கையில் எரிபொருள் இருக்கிறது, வானிலேயே வட்டமடித்துக் காத்திருக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. டெனரிஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே இருப்பதால், அங்கே மேகம் அடிக்கடி தரைக்கே இறங்கிவிடும்.

லாஸ் பால்மாஸ் மறுபடி திறந்தது. பான் ஆம் உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் முன்னால் கேஎல்எம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஒதுங்கிப் போக சில அடி இடம் போதவில்லை. கேஎல்எம் விமானி யாகோப் வெல்தைசன் வான் சான்டன் அந்த நேரத்தில் 55,000 லிட்டர் எரிபொருள் நிரப்பச் சொன்னார். பணிநேரத்தை மீறினால் கடும் நடவடிக்கை என்ற டச்சு விதி அவர் தலைக்கு மேல் தொங்கியது. எரிபொருள் ஏறி முடிவதற்குள் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

பக்கவழி முழுக்க விமானங்கள். அதனால் இரண்டு ஜம்போக்களும் ஓடுபாதையின் மேலேயே ஊர்ந்தன. கேஎல்எம் முன்னால் கடைசிவரை போய்த் திரும்பி நிற்க வேண்டும். பின்னால் வரும் பான் ஆம் மூன்றாவது திருப்பத்தில் விலகிக்கொள்ள வேண்டும். அந்தத் திருப்பமோ வந்த திசைக்கே மடக்கிக்கொண்டு போவது. ஜம்போ போன்ற பெரிய விமானத்தை அதில் வளைப்பது பெரும்பாடு. பான் ஆம் அதைத் தாண்டி நாலாவதை நோக்கிப் போனது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு எதுவும் தெரியவில்லை. தரை ரேடார் கிடையாது. கண்ணுக்கெட்டியது வெள்ளைப் பனிமூட்டம்தான். இனி மூன்று தரப்புக்கும் துணை ஒரே ரேடியோ அலைவரிசை.

விமானம் கிளம்ப இரண்டு அனுமதி வேண்டும். மேலே போனதும் எந்த வழி, எந்த உயரம் என்பது முதலாவது. ஓடுபாதையில் ஓடலாம் என்பது இரண்டாவது. கேஎல்எம் துணை விமானி இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். கோபுரம் முதலாவதை மட்டும் கொடுத்தது. கொடுத்த வாசகத்தில், டேக்-ஆஃப் ஆனபின் வலப்பக்கம் திரும்பவும் என்று ஒரு துண்டு இருந்தது. கிளம்பத் துடித்துக்கொண்டிருந்தவர் காதில் அந்தச் சொல் விழுந்தது.

துணை விமானி வழியைத் திருப்பிப் படித்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் “போகிறோம்” என்று டச்சில் சொல்லி விசையைத் தள்ளிவிட்டார். அதை ஆணவம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேஎல்எம்மின் 747 பயிற்சித் தலைவர். பயிற்சி சிமுலேட்டரில் அனுமதி கொடுக்கும் கோபுரமும் பயிற்சியாளரேதான். அவசரமாகப் படித்து முடித்த துணை விமானி கடைசியில் ஆங்கிலத்தில் சொன்னது: “வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்.” புறப்பட்டு ஓடுகிறோம் என்பது அவர் நினைத்தது. புறப்படத் தயாராக நிற்கிறோம் என்பது கோபுரத்துக்குக் கேட்டது. “ஓகே” என்றார் கட்டுப்பாட்டாளர்.

ஒரு கணம் மௌனம். பிறகு அவர் “டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், கூப்பிடுகிறேன்” என்றார். பான் ஆம் விமானிகள் பதறிப்போய் “நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்” என்றார்கள், அதே நொடியில். இரண்டு பேச்சும் மோதின. கேஎல்எம் அறைக்குள் வந்து சேர்ந்தது “ஓகே”யும், அதன் பின்னால் சில விநாடி நீண்ட ஒரு கீச்சொலியும்.

ஓடுபாதையைக் காலி செய்ததும் சொல்லும்படி கோபுரம் பான் ஆமிடம் கேட்டது. இது தெளிவாகவே கேட்டது. கேஎல்எம் பொறியாளருக்குச் சந்தேகம். “அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?” என்றார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். மறுபடி யாரும் கேட்கவில்லை.

பான் ஆம் கேப்டன் விக்டர் கிரப்ஸ் பனிக்குள் விளக்குகள் பாய்ந்து வருவதைக் கண்டு விமானத்தைப் புல்வெளிப் பக்கம் ஒடித்தார். வான் சான்டன் தன் விமானத்தின் மூக்கைத் தூக்கினார். வால் ஓடுபாதையில் தேய்ந்தது. ஆனாலும் மோதல் தப்பவில்லை. கேஎல்எம்மில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் ஆமில் 335 பேர் இறந்தார்கள்; 61 பேர் பிழைத்தார்கள். மொத்தம் 583 உயிர்கள்.

ஸ்பானிய விசாரணை அறிக்கை சுருக்கமான, இரண்டு பொருள் தராத சொற்களைக் கேட்டது. இரண்டு அனுமதிகளுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும் என்றது. கூடவே, வழி அனுமதியில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே வரக்கூடாது என்றும் எழுதியது.

அந்தச் சொல்லுக்குப் பூட்டு விழுந்தது அப்படித்தான். கோபுரம் ஓடுபாதையில் ஓட அனுமதிக்கும்போதோ, கொடுத்ததை ரத்து செய்யும்போதோ மட்டும் அது வெளியே வரும். மற்ற எல்லா இடத்திலும் ‘டிப்பார்ச்சர்’. வெறும் ‘ஓகே’யும் செல்லாது, ஓடுபாதை தொடர்பான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். லாஸ் ரோடியோஸுக்கு இன்று டெனரிஃப் வடக்கு என்று பெயர். அங்கேயும் ஓடுபாதை முனையில் நிற்கும் விமானி “ரெடி ஃபார் டிப்பார்ச்சர்” என்றுதான் சொல்கிறார். “கிளியர்டு ஃபார் டேக்-ஆஃப்” என்று கோபுரம் சொன்ன பிறகே அந்தச் சொல் அவர் வாயில் வரும்.