புதுக்கோட்டையின் புகழ்பெற்றவர்கள் பட்டியலும் நம் பிள்ளைகளின் கேள்வியும்

கந்தர்வக்கோட்டை பக்கம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில், குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு கைடை விரித்துவைத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். மாவட்டத்தின் புகழ்பெற்றவர்கள் என்று ஒரு பக்கம். தொண்டைமான் மன்னர்கள், திவான் சேஷய்ய சாஸ்திரி, தீரர் சத்தியமூர்த்தி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதுல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லையா?"

இல்லைதான். அம்பேத்கர், அயோத்திதாசர் என்று வேறு ஊர்ப் பெயர்களைச் சொல்லி அன்று சமாளித்தோம். அவள் கேட்டது அதுவல்ல என்று எங்களுக்கும் தெரியும். அடுத்த சில வாரங்கள் அந்த ஒரு பக்கத்தையே பாடமாக வைத்துக்கொண்டோம். அதில் இருப்பவர்கள் யார், யாரோடு நின்றார்கள், யாரை எதிர்த்தார்கள் என்று பார்த்தோம்.

மன்னர்களை விரைவாகக் கடந்துவிடுவோம். அவர்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. 1948 மார்ச் 3 அன்று இந்தியாவோடு இணையும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அதற்கென்று அம்மன் காசு இருந்தது. இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குவது அவர்களின் அரண்மனையில். பட்டா கேட்டும் மயானப் பாதை கேட்டும் திங்கட்கிழமை தோறும் நம் மக்கள் மனுவோடு வரிசையில் நிற்பது அந்தக் கட்டடத்தில்தான்.

நாம் நின்று பார்க்க வேண்டியது முத்துலட்சுமியையும் சத்தியமூர்த்தியையும். ஒருவர் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், மற்றவர் 1887இல் திருமயத்தில். இருவரும் படித்தது ஒரே மகாராஜா கல்லூரியில். கைடில் இரண்டு பெயரும் அடுத்தடுத்த வரியில் ஒற்றுமையாக இருக்கின்றன. சென்னை சட்டமன்றத்தில் அப்படி இருக்கவில்லை.

முத்துலட்சுமியின் அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த இசை வேளாளர் குடும்பத்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், அந்த மகாராஜா கல்லூரியிலேயே முதல்வராக இருந்தவர். மகள் ஆண்கள் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு வந்தது. பெண் என்பது ஒரு காரணம். தேவதாசி மகள் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது இன்னொரு காரணம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் கதையை மன்னரின் பெருந்தன்மை என்று சொல்வதுதான் வழக்கம். சமூகவியல் படித்த எங்களுக்கு வேறொன்று உறுத்துகிறது. கதவைத் திறக்கச் சொல்லி மன்னரிடம் கேட்கும் இடத்தில் அவருக்கு ஒரு அப்பா இருந்தார். அது இருந்தும் இவ்வளவு எதிர்ப்பு என்றால், அப்படி ஒருவர் இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தக் கதவுவரைகூடப் போயிருக்க முடியாது. இதைச் சொல்வது அவருடைய போராட்டத்தைக் குறைப்பதற்காக அல்ல. திறந்த கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காக.

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பிறகு சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்க வேண்டும் என்று அங்கே அவர் கொண்டுவந்த முயற்சியை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. பிரிட்டிஷாரை எதிர்ப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது, சிறைக்குப் போனவர். காமராஜரை வளர்த்துவிட்டவர், பூண்டி நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் கோயில், மரபு, கலை என்று வந்தபோது அவர் நின்ற பக்கம் அது. வெள்ளைக்காரனிடம் விடுதலை கேட்பவர் வீட்டுக்குள் இருக்கும் அடிமைத்தனத்தையும் எதிர்ப்பார் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். இந்த இருவரையும் அருகருகே வைத்துப் படித்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் தெளியும்.

எங்கள் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் பேசியது 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றி. தேவதாசிப் பெண்களுக்குக் கோயில் பணிக்காக மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணியை விட்டால் நிலம் போய்விடும். பிறகு எப்படி விடுவார்கள்? முத்துலட்சுமியின் முயற்சியால் வந்த அந்தத் திருத்தம், பணியிலிருந்து விடுபட்டாலும் நிலம் அவர்கள் கையில் நிற்க வழி செய்தது. பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் சட்டம் வர 1947 ஆனது. முதலில் நிலம், பிறகுதான் தடை. பஞ்சமி நிலத்துக்காக அலையும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிலம் இல்லாதவருக்கு நீ இன்று முதல் சுதந்திரமானவன் என்று சொன்னால், நாளைக் காலை அவர் அதே பண்ணைக்குத்தான் போவார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்த தேவதாசிப் பெண்களும் இருந்தார்கள், பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். ஆதரித்து ஊர் ஊராகப் பேசியவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். சதிர் ஆடியவர்களைத் தள்ளிவைத்துவிட்டு, அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் யாருடைய மேடைக்குப் போனது என்பது தனியாக எழுத வேண்டிய கதை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முத்துலட்சுமியும் ராமாமிர்தமும் விண்ணப்பப் படிவத்தின் தலைப்புகளாகத்தான் அறிமுகம். ஒன்று மகப்பேறு உதவி, மற்றொன்று 2022 வரை திருமண உதவியாக இருந்தது. "முத்துலெச்சுமி பணம் வந்துருச்சா?" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பார்கள். அது ஒரு டாக்டரம்மாவின் பெயர், நம்ம மாவட்டத்துக்காரர் என்று சொன்னபோது ஒரு தாய் நம்பவே இல்லை.

முத்துலட்சுமி தலித் அல்ல. அந்த மாணவியின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அதே சென்னை சட்டமன்றத்தில், அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே உட்கார்ந்திருந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்று 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மாதமே அரசாணையும் வந்தது. இதில் எங்கள் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. கந்தர்வக்கோட்டை சமஸ்தானத்தில் இல்லை, பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இந்தப் பக்கம் வந்தோம். ஆகவே சீனிவாசனின் அரசாணை காகிதத்தில் கந்தர்வக்கோட்டைக் கிணறுகளுக்குப் பொருந்தும். தெற்கே கொஞ்சம் நடந்து சமஸ்தான எல்லையைத் தாண்டினால் அது சென்னை அரசாங்கத்தின் காகிதம், அவ்வளவே. ஆலய நுழைவுச் சட்டமும் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டமும் 1947இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோதும் நிலைமை அதேதான், சமஸ்தானம் இணையவே அடுத்த ஆண்டு மார்ச் ஆனது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நம் பாட்டன்கள் அரசாணையை நம்பிக் கிணற்றில் இறங்கினார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். காகிதம் சென்னையில் இருந்தது, கிணறு ஊரில் இருந்தது.

98 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், இதே மாவட்டத்தின் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. அப்போது ஆய்வுக்குப் போன ஆட்சியர் முன்னிலையில்தான் அந்த ஊர்த் தலித் மக்கள் கோயிலுக்குள் போனார்கள். தண்ணீர் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தவரின் பெயர் எங்கள் வகுப்பில் இருபது பேரில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

நம் மாவட்டத்திலேயே பிறந்த ஒருவரின் பெயரைப் பட்டியலில் எழுத வேண்டும் என்றால் எங்களிடம் ஒன்று இருக்கிறது: சாந்தி சௌந்திரராஜன். கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த தலித் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்துத் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு அதே சோதனை வந்தபோது அவர் நாடே அவர் பின்னால் நின்றது, பெர்லினில் அவர் வென்ற தங்கம் அவரிடமே இருக்கிறது. சாந்திக்காக நம் நாட்டு விளையாட்டு அமைப்புகள் எதுவும் அப்படி நிற்கவில்லை. கைடு போடுகிறவர்களுக்கு அவர் இன்னும் சரித்திரம் ஆகவில்லை போலும்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பெயர், தெரு, பிறந்த ஆண்டு, செய்தது என்று நான்கு கட்டம். தெருவில் முதலில் பத்தாவது தேறியவர், செருப்போடு தெருவில் நடந்ததற்காக அடிவாங்கியவர், தேநீர்க்கடையில் தனிக் குவளையை உடைத்தவர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாள். ஆதாரம் கேட்டால் கிடைப்பதில்லை. சான்றிதழ், போட்டோ என்று கொஞ்சம் இருந்ததும் 2018 கஜா புயலில் கூரையோடு நனைந்து போயிற்று. முதல் பக்கத்தில் இருப்பது தெருவுக்கே பிரசவம் பார்த்த ஒரு பாட்டி. பிறந்த ஆண்டு என்ற கட்டத்தில் எண் இல்லை. பாட்டி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்: "அம்பத்திரண்டு புயலப்போ நான் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தேன்."