அக்கா எடுத்துவந்த பெட்டி

இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கராவின் படத்துக்கு மாலை சூட்டும் கூட்டங்களுக்கு நிருபனாகப் பலமுறை சென்றிருக்கிறேன். அங்கெல்லாம் எனக்கு அக்காவின் தையல் மெஷினே நினைவுக்கு வரும்.

கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி நடைமுறைக்கு வந்தது. அவரும் புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் பயின்றவரே. (1947 தேர்தலில் மத்துகமை வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். நமது நன்றியுணர்வு அத்தகையது!)

ஆயினும், அன்று நீங்கியது கட்டணம் மட்டுமே. இலவசப் பாடநூல் 1980 இல்தான் வந்தது. இலவசச் சீருடை 1993 இல். இடைப்பட்ட காலத்தில் ஏழைப் பிள்ளையின் கொப்பிக்கும் சட்டைக்கும் பணம் கொடுத்தவர் யார்? சரித்திர நூல்களில் இதற்கு விடையில்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அறுபதுகளில் எங்கள் வீடு அங்கே ஓர் அறை. பொதுக் குழாய், பொது மலசலகூடம். தந்தையார் காலமானபோது நாங்கள் நால்வர். அம்மா இடியப்பம் அவித்தார். பாடசாலைக்கு முன் நான் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணன் எட்டாம் வகுப்போடு செட்டியார் தெருக் கடையொன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். அக்கா எங்கள் எல்லோரிலும் கணக்கில் கெட்டிக்காரி. அவரும் நின்றுவிட்டார். இரவல் மெஷினில் சட்டை தைக்கத் தொடங்கி, இரண்டு வருடத்தில் சொந்த மெஷின் வாங்கினார். தைத்துக்கொண்டே எனக்கும் தம்பிக்கும் கணக்குச் சொல்லித்தருவார். பழைய புத்தகம் வாங்கிப் படித்து, ஆண்டிறுதியில் விற்று, அடுத்த வகுப்புக்கு வாங்குவோம்.

எங்கள் வீடு விதிவிலக்கல்ல. வெள்ளவத்தையிலிருந்து வந்த வகுப்புத் தோழனின் அண்ணன் அங்குள்ள நெசவாலையில் இரவு வேலை செய்து அவனைப் படிக்கவைத்தார்.

தம்பி பொறியியலாளரானான். நான் பத்திரிகைக்கு வந்தேன்.

1983 ஜூலையில் காடையர் தெருவுக்குள் நுழைந்தபோது அக்கா ஒரு தகரப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அகதி முகாமில் திறந்து பார்த்தோம். எனதும் தம்பியினதும் சான்றிதழ்கள். அவர் பெயரில் ஒன்றுமில்லை.

மெஷின் வீட்டோடு எரிந்தது. சில ஆண்டுகள் கழித்து வெள்ளவத்தையில் குடியேறியபின், எங்களிடம் ஒரு சதமும் வாங்காமல், தவணைமுறையில் இன்னொன்று வாங்கினார்.