மலையும் கோபுரமும்

குமாவுன் மலைநாட்டில் காளி என்றோர் ஆறு ஓடுகிறது. அதன் மேற்குக் கரையிலே உள்ளது தார்ச்சூலா என்னும் ஊர். அது உத்தராகண்ட மாநிலத்தைச் சேர்ந்தது. எதிர்க்கரையில் இருப்பதும் ஏறக்குறைய அதே பெயருடைய ஊர்தான். ஆனால் அது நேபாள நாடு. இரண்டையும் ஒரு தொங்குபாலம் இணைக்கிறது. 1816-ஆம் ஆண்டில் உறுதியான சுகௌலி உடன்படிக்கை இவ்வாற்றை எல்லையாக்கிற்று. ஆயினும் கொள்வினை கொடுப்பினையும் சந்தை வியாபாரமும் பாலத்தின்மீது போய்வந்துகொண்டே இருந்தன. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொன்றும் ஆற்றைக் கடந்தது. அதற்குப் பாலமும் வேண்டியிருக்கவில்லை. அதுவே கைத்தொலைபேசி அலை.

தார்ச்சூலாவுக்கு மேலுள்ள பள்ளத்தாக்குகளில் நம் நாட்டுக் கோபுரங்கள் எட்டாதிருந்த காலத்தில், இப்பக்கத்துக் கிராமத்தார் பலர் நேபாள நிறுவனத்தின் சிம் அட்டையையே கையில் வைத்திருந்தனர். டெல்லியில் வேலை பார்க்கும் மகனோடு தாய் பேசினாலும், கணக்கில் அது வெளிநாட்டுப் பேச்சு! அவர்கள் அயல்நாட்டு நிறுவனத்தை விரும்பியா தேர்ந்தார்கள்? கண்ணுக்கு எதிரே எந்தக் கோபுரம் நின்றதோ, அதைத் தேர்ந்தார்கள். சமவெளியில் வாழும் நாம் இணைப்பு வாங்கும்போது கட்டணத்தைப் பார்க்கிறோம். மலையில் வாழ்பவரோ முதலில் மலையைப் பார்க்கிறார். இந்த வேறுபாடு எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

நம் நாட்டில் மின்தந்தி 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. 1854-இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் 1882-இல் தொலைபேசி நிலையங்களைப் பெற்றன. இவையெல்லாம் கம்பியின் வேலை. கம்பிக்கு ஒரு நற்குணம் உண்டு: பாதை வளைந்த இடத்தில் அதுவும் வளையும், மலையைச் சுற்றி அடுத்த பள்ளத்தாக்குக்குள் புகும். ஆனால் பனி கவிந்தாலோ மண் சரிந்தாலோ அது அறுந்துபோகும். அறுந்த இடத்தைத் தேடி மலையேறித்தான் ஒட்டவேண்டும்.

வானலைக்கு இந்தத் துன்பம் இல்லை. வேறொரு துன்பம் உண்டு. அது பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. இடையே ஒரு முகடு நின்றால் மறுபக்கம் நிழல் விழுவதுபோல அலையற்ற இடம் விழுந்துவிடும். எல்லா அலைகளும் இதில் ஒன்றல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர்; 2,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். நீண்ட அலை முகட்டின் ஓரத்தில் சற்றே வளைந்து இறங்கும், தொலைவும் போகும். குறுகிய அலை மிகுதியான செய்தியைச் சுமக்க வல்லது. ஆனால் விரைவில் களைத்துவிடும். ஆகவே நகரத்தில் வேகத்தால் பெயர்பெற்ற அலைவரிசை மலையில் பயன்படாமலும் போகலாம்.

இயற்கையின் தடை இதுவென்றால், மனிதர் வகுத்த விதியும் தொடக்கத்தில் மலைக்கு உதவவில்லை. 1995 ஜூலை 31-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நம் நாட்டின் முதற் கைத்தொலைபேசி உரையாடல் எனக் கொள்ளப்படுகிறது. அப்போது தனியார் நிறுவனங்களுக்கு வட்டாரம் வட்டாரமாக உரிமம் தரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைநகரங்களில் பாதியளவில் சேவை எட்டினால் நிபந்தனை நிறைவேறியதாகும். எந்தப் பாதி என்பது நிறுவனத்தின் விருப்பம். குமாவுன் மலைகள் மேற்கு உத்தரப் பிரதேச வட்டாரத்தில் இருந்தன. சமவெளி நகரங்களும் மலையூர்களும் ஒரே வட்டாரத்தில் இருந்தால், கோபுரம் முதலில் எங்கே எழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2000-இல் உத்தராகண்டம் தனி மாநிலமான பின்னரும் தொலைபேசி வட்டாரம் பிரியவில்லை.

லாபம் தராத இடத்துக்கும் சேவை சேரவேண்டும் என்பதற்காக 2002-இல் அனைவர்க்கும் சேவை நிதி ஏற்பட்டது. நிறுவனங்களின் வருவாயில் ஒரு பகுதியைத் திரட்டி, ஒதுக்குப்புறங்களில் செலவிடுவது அதன் நோக்கம். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடெங்கும் வந்தது. நகரத்தாருக்கு அது பெரிய சுதந்திரம். ஒரே கோபுரம் நிற்கும் பள்ளத்தாக்கில் அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு கடைகள் இருந்தால்தானே பேரம் பேச முடியும்!

அரசாங்க ஏடுகளைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நாம், 'சேவை எட்டிய கிராமம்' என்ற தொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். எழுதும்போது கிராமம் ஒரு புள்ளியாகத்தான் மனத்தில் தோன்றும். மலைக்கிராமம் புள்ளியன்று. ஒரு வீடு ஓடைக்கரையில் இருக்கும். மற்றொன்று நூறு படி மேலே இருக்கும். மேய்ச்சல் நிலம் மலைக்கு அப்பால் இருக்கும். பள்ளிக்கூடத்து முற்றத்தில் எட்டும் அலை பிரசவ வேதனைப்படும் பெண்ணின் வீட்டில் எட்டாமல் போகலாம். ஏட்டில் அக்கிராமம் எட்டப்பட்டதுதான். அந்த வீட்டாருக்கு அது எட்டாத ஊர்.

2022 ஜூலையில் சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு நான்காம் தலைமுறை இணைப்பு வழங்க ரூ. 26,316 கோடித் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை ஏற்றது. பொதுத்துறை நிறுவனமான பி.எஸ்.என்.எல். அதை நிறைவேற்றும் பொறுப்பைப் பெற்றது. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில், எல்லையோரத்துக் கியூ என்னும் சிற்றூருக்கு 2024 ஏப்ரலில்தான் முதன்முதலாக அலை வந்தது. அதுவரை பேசவேண்டுமானால் சுமார் 8 கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது என்று அவ்வூரார் கூறினர்.

பேசமுடியாமை வெறும் அசௌகரியமன்று. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதாரநாத்தைப் பெருவெள்ளம் தாக்கியபோது சாலையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அற்றன. பல்லாயிரம் யாத்திரிகரின் குடும்பத்தார் அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றறிய நாட்கணக்கில் காத்திருந்தனர். அத்தகைய வேளையில் 'இது எங்கள் சந்தாதாரருக்கு மட்டும்' என்று ஒரு கோபுரம் சொல்லலாமா? அவசர உதவிக்கான 112 என்ற எண் இந்தக் கேள்விக்கு முன்னமே விடை தந்திருக்கிறது. அந்த அழைப்பு, எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அதன்வழிச் செல்லத்தக்கது. உயிருக்கு ஆபத்து நேரும்போது கோபுரம் பொதுச்சொத்தாகிறது.

2025 ஜனவரியில் இக்கொள்கை ஒருபடி முன்னேறியது. பொதுநிதியால் எழுந்த கோபுரங்களை ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் மட்டுமன்றி மற்ற நிறுவனங்களின் சந்தாதாரரும் பயன்படுத்தும் ஏற்பாடு தொடங்கிவைக்கப்பட்டது. பொதுப்பணத்தில் வெட்டிய கிணற்றில் எல்லாக் குடங்களும் இறங்கலாம் என்பது போன்ற நியாயம் இது. பொதுநிதி சேராத கோபுரங்களுக்கு இவ்விதி பொருந்தாது. ஆதலால் மலைவாசிக்கும் மலைக்குச் செல்பவருக்கும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்னும் தீர்ந்துவிடவில்லை.

அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது? 2024-இல் வகுத்த விதிகளின்படி, நிறுவனங்கள் தம் சேவை எட்டும் பரப்பை வரைபடமாக வெளியிடுகின்றன. அதைப் பார்ப்பது நன்று. அதோடு நிறுத்திக்கொள்வது நன்றன்று. அவ்வூர்க் கடைக்காரரையும் தபால்காரரையும் கேட்கவேண்டும். எந்தக் கோபுரம் எம்முகட்டில் நிற்கிறது, மின்சாரம் நின்றால் எத்தனை நாழிகை அது உயிரோடிருக்கும், மழைக்காலத்தில் எது முதலில் ஓய்கிறது என்பவை அவர்களுக்குத் தெரியும். இயலுமானால் இரு நிறுவனங்களின் அட்டைகளை வைத்துக்கொள்வது அறிவுடைமை.

காளியாற்றங்கரைக் கிராமத்தார் இந்தப் பாடத்தை எவரிடமும் கற்கவில்லை. கையை உயர்த்தி, எத்திசையில் அலை வருகிறதோ அத்திசையில் நின்று பேசினார்கள். அவர்கள் அவ்வாறு நிற்கவேண்டிய தேவை ஒழியும் நாளில்தான் 'சேவை எட்டிய கிராமம்' என்ற தொடரை நாம் மனச்சாட்சியோடு எழுத முடியும்.