உப்பு போன வழியில் ஒரு வீடு

மரக்காணம் கடற்கரையில் விக்டோரியா காலத்துக் குடும்ப மாளிகையைத் தேடிப் போகிறவன் கண்ணில் படுவது பாத்திகளும் பக்கிங்காம் கால்வாயும்தான். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். அவ்வளவு பழைய ஊர். ஆனால் உப்பு விளைந்த இடத்தில் உபரி தங்குவதில்லை. மாளிகையைப் பார்க்கணும்னா உப்பு போன வழியே உள்நாட்டுக்குப் போகணும். இந்தக் கட்டுரை செட்டிநாட்டு வீட்டை உப்பளத்திலிருந்து வாசிக்கப் பார்க்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. பர்மா பணம் வருவதற்கு முன் நகரத்தார் யார்? 17ஆம் நூற்றாண்டின் பழனிச் செப்பேடுகள், பட்டயங்களின் வழியாக டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களை உப்பு வணிகர்களாகக் காட்டுகிறது. உப்புப் பொதியோடு பழனிக்குப் போய், லாபத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக வைத்தவர்கள். சங்கப் பாடல்களில் உமணர் வண்டி போன வழக்கத்தின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்லலாம். 1805இல் சென்னை மாகாணத்து உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆயிற்று. விளைவித்தவன் அரசுக்கே கொடுக்கணும், அரசு வைத்ததுதான் விலை. அந்த நூற்றாண்டில் நகரத்தார் மூலதனம் கடல் தாண்டியது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் திறந்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் வயலானது. அந்த விவசாயிக்குக் கடன் கொடுத்த வட்டிக்கடைதான் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் வீடாக எழுந்தது.

வீட்டைப் பாருங்கள். தெருவிலிருந்து உயர்ந்த மேடைமேல் திண்ணை, முகப்பு. உள்ளே மழையும் வெயிலும் இறங்கும் வளவு. அதைச் சுற்றித் தூண்களும் அறைகளும். பிறகு பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு. அடுப்படியும் பெண்கள் புழக்கமும் உள்ள மூன்றாம் கட்டு. பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். பூம்புகாரைக் கடல் கொண்ட நினைவில்தான் மேடையை உயர்த்தினோம் என்பது சமூகத்துக் கதை. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து. சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும். தரைக்கு ஆத்தங்குடிக் கல்.

இந்த அமைப்பு சும்மா அழகுக்காக வந்ததல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்று அவனுக்கு. மருமகள் கொண்டுவந்த சீர் அங்கே பூட்டியிருக்கும். ‘வேறு வைத்த’ பிறகு அடுப்பும் தனி, கணக்கும் தனி. கூட்டுக் குடும்பம் என்று நாம் ஏங்குகிற அந்த வீடு உண்மையில் பேரேட்டின் தர்க்கத்தில் கட்டப்பட்டது. கூரை பொது, வரவுசெலவு தனித்தனி. ஆண்கள் ரங்கூனில் கடை பார்த்த வருஷங்களில் இந்தக் கணக்கையும் வீட்டையும் காத்தவர்கள் பின்கட்டுப் பெண்கள். ஆனால் முகப்புதான் புகைப்படத்தில் வருகிறது.

அதே விக்டோரியா காலத்தின் மறுபக்கம் நம் கடற்கரை. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். துண்டுதுண்டாக இருந்த நீர்வழி இணைந்தது. ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. அதன் தெற்கு முனை மரக்காணம். இங்கிருந்து உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். இது உயிர் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷே எதிர்த்தார். அந்த ஆண்டு இறுதியில் உப்பு வரியோ மணங்குக்கு ரூ. 1-13-0இலிருந்து ரூ. 2-8-0 ஆனது. செத்தவன் வீட்டு உப்புக்கும் வரி!

1930 நெல் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பவில்லை. பதிலாக நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். 1938க்குள் 25 சதவீதம். நிலமிழந்தவன் பர்மியன். 1942இல் ஜப்பான் படையெடுத்தது, 1948இல் நிலம் தேசியமயமானது. ஊரில் வீடுகள் பூட்டப்பட்டன. பங்காளிகள் பெருகி, ஒருவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காத நிலை. பல வீடுகள் தூண் தூணாக, கதவு கதவாகப் பழம்பொருள் கடைக்குப் போயின. சில விடுதிகளாயின. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின.

காப்பாற்ற வேண்டியவைதான், சந்தேகமில்லை. அந்தத் தச்சனும் கொத்தனும் நம்மவர்கள். ஆனால் எதை மரபு என்று காப்பாற்றுகிறோம்? தேக்குத் தூணுக்கு விளக்கப் பலகை வைக்கிறவர்கள் ஐராவதியில் நிலமிழந்தவனுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கணும். கால்வாய் வெட்டியவனுக்கோ பலகையே கிடையாது. அவன் வெட்டியது சென்னைக்குள் சாக்கடையாக ஓடுகிறது. வளவின் சுவரில் கிளிஞ்சல் சுண்ணாம்பு இன்னும் வழுவழுவென்று இருக்கிறது. கிளிஞ்சல் கடற்கரையில் பொறுக்கப்பட்டது. பொறுக்கிய கையும் அந்த வீட்டின் வரலாற்றில் சேர்ந்ததுதான்.