பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத கைதிகள்: சயாம்–பர்மா இரயில்பாதையில் மலாயாத் தமிழர்

1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் சப்பானியர் வசமானது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் முடங்க, வேலையும் அரிசியும் இழந்த தமிழ்த் தொழிலாளர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குத் திரட்டப்பட்டனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்பது வாக்குறுதி. ஆள் போதாதபோது, இலவசப் படக்காட்சி என்றழைத்துக் கொட்டகைக் கதவை அடைத்து இரயிலேற்றியதும் உண்டு. மூன்று மாதம் கழிந்தும் பெரும்பாலோர் விடுவிக்கப்படவில்லை.

1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவிற்று. நேசநாட்டுப் போர்க்கைதிகளிடையே இராணுவ மருத்துவர்கள் இருந்தனர், ஆட்பட்டியலும் இருந்தது. காஞ்சனபுரியில் அவர்தம் கல்லறைகள் பெயர் தாங்கி நிற்பது அதனாலேயே. தமிழர் சட்டத்தின் கண்ணில் கைதிகளல்லர், ‘கூலிகள்’. அச்சொல்லே அவர்களுக்குப் பாதுகாப்பின்றிச் செய்தது. பலர் காட்டுவழியே தப்பியோடினர். 1945 ஆகஸ்டில் சப்பான் பணிந்தபின் எஞ்சியோர் தோட்டங்களுக்கு மீண்டனர். உடன் சென்றவர் எங்கே மாண்டார் என்பதைப் பல குடும்பங்கள் அவர்கள் வாய்மொழியாகவே அறிந்தன.