காற்று வேகத்தை மட்டும் பார்க்காதீங்க! - `ஹெலீன்' புயல் காட்டிய 4 ஆபத்துகள்

`வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டேன்னு அடம்பிடிக்கிறவங்க, பெயரையும் பிறந்த தேதியையும் அழியாத மார்க்கரால் கையிலோ காலிலோ எழுதிக்கோங்க. உடலை அடையாளம் காண வசதியா இருக்கும்!' 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்தில் டெய்லர் கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகம் மக்களுக்குச் சொன்னதன் சாரம் இதுதான். கேட்கவே பகீர்னு இருக்குல்ல?

அப்போது அந்தக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது `ஹெலீன்' ஹரிகேன். மொத்தம் சுமார் 250 பேர் உயிரிழந்தார்கள். 2005-ல் வந்த கத்ரீனாவுக்குப் பிறகு, அமெரிக்காவின் பெருநிலப்பரப்பில் இவ்வளவு உயிர்களைப் பறித்த ஹரிகேன் வேறில்லை. ஆனா, அதிக மரணங்கள் நடந்தது ஃப்ளோரிடா கடற்கரையில் இல்லை. கடலே கண்ணில் படாத மலைப்பகுதியில்! எப்படி? பார்க்கலாம்.

ரெண்டே நாளில் ராட்சசன்

ஹரிகேனும் நம்ம வங்கக்கடல் புயலும் ஒரே ரகம்தான். அட்லான்டிக் பக்கம் காற்று மணிக்கு 119 கி.மீ-ஐத் தொட்டால் அதற்கு ஹரிகேன் என்று பெயர். ஹெலீனுக்குப் பெயர் வைத்தது செப்டம்பர் 24-ம் தேதி. 25-ம் தேதி ஹரிகேன் ஆனது. 26-ம் தேதி இரவு, மணிக்கு சுமார் 225 கி.மீ வேகத்தில், `கேட்டகிரி 4' புயலாக பெர்ரி என்ற ஊருக்கு அருகே கரையைக் கடந்தது.

புயலுக்குச் சாப்பாடு, வெதுவெதுப்பான கடல்நீர். மெக்ஸிகோ வளைகுடா அப்போது அந்தச் சாப்பாட்டை வயிறாரப் போட்டது. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 55 கி.மீ அல்லது அதற்கு மேல் கூடினால், அதை `அதிவேகத் தீவிரமடைதல்' என்கிறார்கள். ராத்திரி `சாதாரண புயல்தானே' என்று படுத்தவர், காலையில் எழும்போது அது அசுரனாகியிருக்கும். ஊரைக் காலி செய்ய நேரமே இருக்காது.

1. காற்று

`கேட்டகிரி 1, 2, 3' என்று சொல்கிறார்களே, அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். கூரை பறக்குமா, மரம் சாயுமா, கரன்ட் எத்தனை நாள் போகும் என்பதற்கு அது உதவும். எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பதெல்லாம் அதில் கிடையாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

2. ஊருக்குள் வரும் கடல்

புயல்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். இதுதான் `ஸ்டார்ம் சர்ஜ்'. ஒரு அலை வந்து அடித்துவிட்டுப் போவதுபோல இல்லை. கடல்மட்டமே உயர்ந்து ஊருக்குள் நுழையும். கரையோரம் ஆழம் குறைவாக இருந்தால், தண்ணீர் இன்னும் உயரும். ஹெலீன் கரையேறிய பகுதி அப்படிப்பட்டதுதான். அங்கே சில இடங்களில் சுமார் 15 அடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது.

இன்னொரு விஷயம். டாம்பா நகரத்திலிருந்து 150 கி.மீ-க்கும் மேல் தள்ளித்தான் புயலின் மையம் கடந்துபோனது. அப்படியும் டாம்பா வளைகுடாப் பகுதி வீடுகளுக்குள் கடல் புகுந்தது. காரணம், புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். நம்ம கிழக்குக் கரைக்கு நேராக வரும் புயல் என்றால், அது வடக்குப் பக்கம். `நம்ம ஊர்ல கரையைக் கடக்கலை'ன்னு நிம்மதியா இருந்துட முடியாது.

3. மலைமேல் மழை

ஹெலீனில் அதிக உயிர்களைக் குடித்தது இதுதான். கரையைக் கடந்த புயல் வலுவிழந்தது. ஆனால், அது சுமந்து வந்த ஈரம் அப்பலாச்சியன் மலைகளில் மோதிக் கொட்டியது. ஏற்கெனவே பெய்த மழையில் மண் ஊறிக்கிடந்தது. வடக்கு கரோலினாவின் சில மலைப்பகுதிகளில் 75 செ.மீ-க்கும் மேல் மழை. ஆறுகள் 1916-ம் ஆண்டு பெருவெள்ளத்தையே மிஞ்சின. நிலச்சரிவில் சாலைகளும் வீடுகளும் போயின. அந்த மாகாணத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அங்குள்ள ஆஷ்வில் நகரம், பெர்ரியிலிருந்து சுமார் 600 கி.மீ தூரம். கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரம். `பருவநிலை மாற்றத்துக்குப் பயந்தவர்கள் இங்கே குடியேறலாம்' என்று பேசப்பட்ட ஊர்!

நமக்கும் இது புதுசு இல்லை. அதே 2024-ல், புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்று வேகத்தில் சாதாரண புயல்தான். ஆனால், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ மழை. திருவண்ணாமலை நிலச்சரிவில் 7 பேர் மண்ணுக்குள் புதைந்துபோனார்கள்.

4. புயலுக்குப் பின்...

ஆஷ்வில்லில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க 50 நாள்களுக்கு மேல் ஆனது. மின்சாரமும் மொபைல் சிக்னலும் பல நாள் இல்லை. அறுந்த மின்கம்பி, ஜெனரேட்டர் புகை, கிடைக்காத மருந்து என ஆபத்துகள் தொடர்ந்தன.

நீங்க என்ன செய்யலாம்?

* புயல் செய்தியில் `எங்கே கரையைக் கடக்கும்' என்பதோடு நிற்காமல், உங்க மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கையையும் பாருங்க.

* ஓடும் வெள்ளத்தில் இறங்காதீங்க. 15 செ.மீ தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும், 60 செ.மீ இருந்தால் பெரும்பாலான கார்களை இழுத்துப்போகும்.

* போன், பவர்பேங்க் சார்ஜ் முக்கியம். சிக்னல் போகலாம் என்பதால் முக்கிய எண்களைப் பேப்பரில் எழுதி வையுங்க. தமிழ்நாட்டில் மாநில உதவி எண் 1070, மாவட்ட எண் 1077.

* ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. அதன் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

* `கிளம்புங்க' என்று அதிகாரிகள் சொன்னால், பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிடுங்க.

ஹெலீன் விஷயத்தில் வானிலை ஆய்வாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள், மலை வெள்ளம் உட்பட. அடுத்த முறை உங்க போனில் புயல் எச்சரிக்கை வந்தால், ஸ்வைப் பண்ணித் தள்ளிவிடாமல் முழுசாப் படிங்க. குறிப்பா, மழை பற்றிய வரியை!