மண்ணிற் பூத்த மலர்கள்

செடியிற் பூத்த மலர் மாலைக்குள் வாடிவிடும். கையிற் பூத்த மலரோ, சூளைத் தீயிற் புகுந்து வெளிவந்தபின் வாடுவதே இல்லை. களிமண்ணால் இதழ் இதழாக மலர் செய்யும் தொழில், 18-ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் அரசரும் பிரபுக்களும் விரும்பி வாங்கும் உயர்நிலையை எய்தியிருந்தது. அதன் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது. உழைத்த கைகள் எவை, புகழ் கொண்ட பெயர்கள் எவை என்பதை அது நன்கு விளக்குகின்றது.

பீங்கான் செய்யும் வித்தை நெடுங்காலம் சீன தேசத்தாரிடமே இருந்தது. ஐரோப்பாவில் அம்மறையை முதன்முதல் வெளிப்படுத்தியோர் சாக்சனி நாட்டினர். அந்நாட்டு மன்னனாகிய வலிமைமிக்க அகஸ்டசின் காவலில் இருந்த பெட்கர் என்பான் 1708-இல் அதனைக் கண்டறிந்தான். 1710-இல் மைசன் நகரத்துத் தொழிற்சாலை தோன்றிற்று. அதனைக் கண்ட பிற தேசத்தாரும் அவ்வித்தையை அடைய முயன்றனர். பிரான்சில் 1740-ஆம் ஆண்டளவில், பாரீசு நகரின் கிழக்கே உள்ள வின்சேன் கோட்டையில் ஒரு சாலை தொடங்கப்பெற்றது.

ஆயின், ஒரு குறை இருந்தது. உண்மைப் பீங்கானுக்கு இன்றியமையாத கயோலின் என்னும் வெண்களிமண் பிரான்சில் அக்காலத்துக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, மணல், வெடியுப்பு முதலியவற்றை உருக்கி, இறுகியபின் பொடித்து, சுண்ணக்களிமண்ணோடு கலந்து, ஒருவகை மென்பீங்கான் ஆக்கினர். அக்கலவை சக்கரத்தில் எளிதில் வளைந்து கொடாதது; சூளையில் உருக்குலையும் இயல்பினது. பெரிய கலங்கள் பழுதாயின. சிறிய பொருள்களோ பிழைத்தன. சிறிய பொருள்களுள் மலரினும் சிறந்தது யாது?

அச்சாலையில் களிமண் கலவையைத் திருத்தியமைத்தவர் கிராவான் என்பவர். மலர்ப் பகுதியை நடத்திய தலைவி அவர்தம் மனைவியார். அவர்கீழ் ஏறத்தாழ 45 பெண்டிர் அமர்ந்து மலர் செய்தனர். கடுகளவும் மிளகளவுமாக மண்ணைக் கிள்ளியெடுத்து, விரலால் உள்ளங்கையில் அழுத்தி இதழாக்கி, விளிம்பை நகத்தளவு மெலியச் செய்து, நீரிற் குழைத்த அதே மண்ணைப் பசையாக இட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது இத்தொழிலின் முறை. மண் ஈரமிகின் இதழ் சாயும், உலரின் வெடிக்கும். அந்த நடுப்பதம் அறிவது விரல் ஒன்றே. பின்னர்ச் சூளையிற் சுட்டு, பளபளப்புப் பூச்சிட்டு, வண்ணந்தீட்டி, மீண்டும் சுடுவர். அவ்வாறு முடிந்த பூக்களை உலோகக் காம்புகளிற் பொருத்தி, விளக்குகளிலும் கடிகாரங்களிலும் பூச்சாடிகளிலும் அமைத்தனர்.

1749-ஆம் ஆண்டில் அச்சாலையின் விற்பனை வருவாயில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டது இம்மலர்களால் வந்ததாகும். அரசனுடைய அன்பிற்குரிய பொம்பதூர் சீமாட்டி, குளிர்காலத்தில் தம் மாளிகையிற் பீங்கான் மலர்த்தோட்டம் அமைத்து, அதற்கு நறுமணமும் ஊட்டி அரசனை வியப்பித்தார் என்று ஒரு கதையும் வழங்குகின்றது.

இதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. வலிமைமிக்க அகஸ்டசின் பேர்த்தியாகிய மரீ-ஜோசப் இளவரசி, 1747-இல் பிரான்சு தேசத்துப் பட்டத்து இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் 1749-இல் தன் பிறந்தகத்திற்கு அனுப்பிய பரிசு, வின்சேன் பெண்டிர் செய்த 480 மலர்கள் கொண்ட பூங்கொத்து. ஐரோப்பியப் பீங்கானுக்குத் தாயகமான சாக்சனிக்கே புகுந்தகத்துப் பீங்கானைச் சீராக அனுப்பினாள்! கொல்லன் தெருவில் ஊசி விற்பதுபோலன்றோ இது? ஆயினும், அவ்வூசி அங்கும் மதிக்கப்பெற்றது. அக்கொத்து இன்றும் திரெஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தில் உளது.

நிற்க. 1756-இல் அச்சாலை செவ்ர் என்னுமிடத்திற்கு மாறிற்று. 1759-இல் அரசன் உடைமையாயிற்று. 1768-இல் லிமோஷ் நகருக்கு அருகே கயோலினும் கிடைத்தது. அதற்கு முன்னரே மலர் மோகம் தணிந்துவிட்டது. சாலையின் கலங்களுக்கு அடியில் 15-ஆம் லூயி மன்னனின் பெயரெழுத்து இரண்டு பின்னிய முத்திரை இருக்கும். சாலை தளர்ந்த நாளில் அதனைத் தாங்கிய பெண்டிர் பெயரை எத்துணைபேர் அறிவர்? தலைவியாரும் கணவர் பெயராலேயே அறியப்படுகின்றார்.

இம்முறை பிற்காலத்து ஒருவாறு மாறிற்று. முதல் உலகப்போர் தொடங்கி நூறாண்டு நிறைந்த 2014-இல், இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் 8,88,246 செந்நிறப் பாப்பி மலர்கள் நடப்பெற்றன. அவற்றைப் படைத்தவர் பால் கம்மின்ஸ் என்னும் மண்கலைஞர். அகழியில் அமைத்த வகையை வகுத்தவர் டாம் பைப்பர். பிரித்தானியப் படைகளிலும் அதன் குடியேற்ற நாட்டுப் படைகளிலும் மாண்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மலர். பலர் கூடி, மண்ணைத் தகடாக்கி, இதழாக வெட்டி, கையாலே வளைத்துச் செய்தமையால், ஒரு மலர் போல் மற்றொன்று இராது. மாண்டவருள் ஒருவர் போல் மற்றொருவர் இல்லாதது போலவே.

அரசன் மேசைக்குச் செய்த மலரும், மடிந்த போர்வீரனுக்குச் செய்த மலரும் ஒரே மண், ஒரே விரல்வித்தை. முன்னதிற் செய்தார் பெயர் மறைந்தது. பின்னதில் மாண்டார் ஒவ்வொருவரும் எண்ணப்பெற்றனர். எனவே அன்பர்காள்! ஓர் அழகிய பொருளைக் கையில் எடுக்குங்கால், அடியிலுள்ள முத்திரையை மாத்திரம் நோக்கற்க. இதழின் விளிம்பையும் நோக்குக. செய்தவள் விரலின் அழுத்தம் ஆங்கு உளது.